நுரையீரலில் ஒரு புள்ளி: ஆறிய வடுவா, புற்றா?



இந்தச் சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காதவருக்கும் விளங்க வேண்டும் என்பது இதை நடத்தும் அறக்கட்டளையை நிறுவியவரின் விருப்பம் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தார்கள். அதற்கு ஏற்ற பொருள் எது என்று யோசித்தபோது, எங்கள் ஸ்கேன் அறை வாசலில் அன்றாடம் கேட்கும் ஒரு கேள்வியே முன்னால் வந்து நின்றது. “ரிப்போர்ட்டில் நாட்யூல் என்று போட்டிருக்கிறது. செல்போனில் தேடினால் கேன்சர் என்று வருகிறது. உண்மையா, டாக்டர்?”

பெரும்பாலும் உண்மையில்லை. ஆனால் சிலருக்கு உண்மை. அந்தச் சிலரைப் பிரித்தெடுக்கும் வேலையைத்தான் கதிரியல் துறை அரை நூற்றாண்டாகச் செய்து வருகிறது. எந்த இயந்திரத்தை வாங்கினாலும் ஒரு படத்திலிருந்து கிடைப்பது பெரும்பாலும் சந்தேகம்தான். அதைத் தீர்த்துவைப்பது இரண்டு படங்களுக்கு நடுவே ஓடிய காலம். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதற்கான விளக்கம்.

1. புள்ளிகள் பெருகிய கதை

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அன்றிலிருந்து முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக நெஞ்சுக்குள் பார்க்க நமக்கு இருந்த முதன்மையான வழி எக்ஸ்-ரேதான். அதில் விலா எலும்பு, தோள்பட்டை, இதயம், இரத்தக் குழாய் எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த புள்ளி, விலாவுக்குப் பின்னால் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1 அன்று காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம் எடுத்தது. அதற்காக அவரும் ஆலன் கார்மக்கும் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பின்னர் நெஞ்சும் சிடிக்குள் வந்தது. உடலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்க முடிந்ததும், அதுவரை கண்ணில் படாத புள்ளிகளெல்லாம் படத்தில் ஏறின. 3 சென்டிமீட்டர் வரை குறுக்களவுள்ள உருண்டையான நிழலை நாட்யூல் என்கிறோம். அதற்கு மேல் போனால் கட்டி என்றே பேச வேண்டும், புற்று என்ற சந்தேகமும் வலுவாகிவிடும்.

புள்ளிகள் எவ்வளவு பெருகின என்பதற்கு நியூயார்க்கிலிருந்து 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. கிளாடியா ஹென்ஷ்கே குழுவினர், புகைபிடிக்கும் பழக்கமுள்ள, 60 வயதைத் தாண்டிய 1,000 பேருக்கு எக்ஸ்-ரே, சிடி இரண்டையும் எடுத்தார்கள். எக்ஸ்-ரேயில் 68 பேரிடம் புள்ளி தெரிந்தது. சிடியில் 233 பேரிடம் தெரிந்தது. புற்று இருந்தது 27 பேருக்கு. அவர்களில் 7 பேருடையதுதான் எக்ஸ்-ரேயில் பிடிபட்டது. சிடி இருபது புற்றுகளைக் கூடுதலாகப் பிடித்தது. அதற்கு விலையாக, புற்று இல்லாத இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கவலைக்குள் தள்ளியது.

அடுத்து வந்தது அமெரிக்காவின் தேசிய நுரையீரல் பரிசோதனை ஆய்வு. 53,454 பேர் சேர்ந்தார்கள். வயது 55 முதல் 74 வரை. எல்லோரும் கடுமையாகப் புகைத்தவர்கள். பாதிப்பேருக்கு ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிர்வீச்சுள்ள சிடி, மீதிப்பேருக்கு எக்ஸ்-ரே என மூன்று முறை எடுத்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றால் ஏற்பட்ட சாவு 20 சதவீதம் குறைந்திருந்தது. புற்றுநோய் மருத்துவத்தில் இது பெரிய வெற்றி. அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. சிடியில் ‘சந்தேகம்’ என்று முத்திரை குத்தப்பட்டவற்றில் 96.4 சதவீதம் புற்று இல்லை என்று பின்னர் தெரிந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவருக்கு நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

2. முதல் பார்வையில் தெரிவது

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். நெஞ்சு சிடி என்றால் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சில நூறு படங்கள் திரையில் வரும். சுட்டியின் சக்கரத்தை உருட்டியபடி கழுத்திலிருந்து வயிறு வரை இறங்கி, மறுபடி மேலேறுவோம். முருங்கைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் வட்டமாகத் தெரிவதுபோல, குறுக்கே வெட்டுப்பட்ட இரத்தக் குழாயும் ஒரு படத்தில் வட்டப் புள்ளியாகவே தெரியும். அடுத்த படத்திலும் அதற்கடுத்த படத்திலும் தொடர்ந்து நகர்ந்தால் அது குழாய். இரண்டு மூன்று படங்களில் தோன்றி, பருத்து, மறைந்துவிட்டால் அது நாட்யூல்.

அதன்மேல் அம்புக்குறியை வைத்தால் ஓர் எண் வரும். அடர்த்தியைக் குறிக்கும் அந்த அலகுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 0, காற்று -1000. புள்ளிக்குள் -40க்கும் -120க்கும் இடைப்பட்ட எண் வந்தால் உள்ளே கொழுப்பு இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது ஹமார்ட்டோமா என்ற தீங்கற்ற கட்டி. எண் பல நூறாக ஏறினால் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு எங்கே, எப்படிப் படிந்திருக்கிறது என்பது முக்கியம். புள்ளி முழுவதும், அல்லது நடுமையத்தில், அல்லது வளையம் வளையமாக, அல்லது சோளப்பொரி வடிவத்தில் இருந்தால், உடலில் வேறெங்கும் புற்று இல்லாதவரிடம் அது தீங்கற்றது என்று சொல்லிவிடலாம். ஓர் ஓரத்தில் ஒதுங்கியோ பொடிப்பொடியாகவோ இருந்தால் அந்தச் சலுகை கிடையாது.

பிறகு அளவு. 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த திடமான புள்ளி புற்றாக இருக்கும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதனால்தான் நெஞ்சக் கதிரியல் வல்லுநர்களின் ஃபிளைஷ்னர் சங்கம், ஆபத்துக் காரணிகள் இல்லாதவரிடம் இவ்வளவு சிறிய புள்ளியைத் தொடர்ந்து பார்க்கவே வேண்டாம் என்று 2017இல் சொன்னது. 6 முதல் 8 மில்லிமீட்டர் என்றால் 6 மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் மறு ஸ்கேன். 8ஐத் தாண்டினால் மூன்று மாதத்தில் மறு ஸ்கேனோ, பெட் சிடியோ (இதைப் பின்னர் விளக்குகிறேன்), திசுச் சோதனையோ என்று யோசிக்க வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், ஏற்கெனவே புற்று வந்தவர்களுக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும் இந்த விதிகள் பொருந்தா.

விளிம்பைப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். முள்முள்ளாக நீளும் விளிம்பு புற்றைச் சுட்டும், வழவழப்பான விளிம்பு நல்லதைச் சுட்டும் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். நடைமுறையில், வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று அழகான உருண்டையாக வந்து உட்கார்ந்திருக்கும். ஆறிப்போன காசநோய் வடு முள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே விளிம்பு ஒரு சாட்சிதான். அதை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது.

3. இரண்டு படங்களுக்கு நடுவே

புற்று வளரும். வடு வளராது. சொல்வதற்கு இது எளிது. அளப்பதில்தான் சிக்கல்.

ஓர் உருண்டையின் குறுக்களவு 26 சதவீதம் கூடினாலே அதன் கனஅளவு இரு மடங்காகிவிடும். 10 மில்லிமீட்டர் புள்ளி 12.6 ஆனால், உள்ளே இருக்கும் செல்கள் இரட்டித்துவிட்டன என்று பொருள். திடமான நுரையீரல் புற்றுகள் பெரும்பாலும் 20 நாளுக்கும் 400 நாளுக்கும் இடையில் இரட்டிக்கும். அதைவிட வேகமாகப் பெருத்தால் பெரும்பாலும் கிருமித் தொற்று. இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றால் தீங்கற்றது என்று கொள்ளலாம்.

“ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று மருத்துவர் சொன்னால், “அதற்குள் முற்றிவிட்டால்?” என்று உறவினர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மில்லிமீட்டர் புள்ளி 180 நாளில் இரட்டிக்கும் புற்று என்றே வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தில் அது 6.7 ஆகும். மூச்சை ஒரு முறை கூடுதலாகவும் ஒரு முறை குறைவாகவும் இழுத்துப் பிடித்தாலே இந்த அளவு வித்தியாசம் வந்துவிடும். வளர்ந்ததா, அளவைப் பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் 7.6 ஆகும், வளர்ச்சி தெரியத் தொடங்கும். ஓராண்டில் 9.6 ஆகியிருக்கும். அப்போது பதில் ஐயமில்லாமல் கிடைக்கும். ஆக, ஆறு மாதம் என்பது அலட்சியத்தில் சொன்ன தவணை இல்லை. கணக்குப் போட்டுச் சொன்னது.

குறுக்களவை விட்டுவிட்டுக் கனஅளவையே கணினியால் அளந்த ஆய்வு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த நெல்சன் ஆய்வு. அங்கே 50 கனமில்லிமீட்டருக்குக் குறைந்தால் விட்டுவிட்டார்கள். 500ஐத் தாண்டினால் உடனே அடுத்த சோதனைக்கு அனுப்பினார்கள். இடையில் இருந்தவர்களை மறு ஸ்கேனுக்கு வரச்சொல்லி, 400 நாளுக்குள் இரட்டிக்கும் வேகம் தெரிந்தால் மட்டும் மேற்சோதனைக்கு அனுப்பினார்கள். 2020இல் முடிவு வெளியானது. பத்தாண்டில் ஆண்களிடம் நுரையீரல் புற்றுச் சாவு 24 சதவீதம் குறைந்திருந்தது. மேற்சோதனைக்கு அனுப்ப நேர்ந்ததோ நூறு ஸ்கேன்களுக்கு இரண்டு அளவில்தான். காத்திருந்து அளந்ததால் உயிர்களும் காப்பாற்றப்பட்டன, வீண் அலைச்சலும் குறைந்தது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சில புள்ளிகள் திடமாக இல்லாமல் மங்கலான கண்ணாடி வழியே பார்ப்பதுபோல் இருக்கும். இவை புற்றாக இருந்தாலும் மிக மெதுவாக வளரும். இவற்றுக்கு இரண்டாண்டுக் கணக்கு உதவாது. ஐந்து ஆண்டுகள் வரை கண்காணிக்க வேண்டும். மங்கலுக்கு நடுவே திடமான பகுதி தோன்றிப் பெருத்தால் தாமதிக்கக் கூடாது.

காலத்தை முன்னோக்கி மட்டும் அல்ல, பின்னோக்கியும் பார்க்கலாம். வளைகுடாவில் ஓட்டுநராக வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர், குடலிறக்க அறுவைக்கு முன் எடுத்த எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் மேல் மடலில் புள்ளி இருக்கிறது என்று எங்களிடம் அனுப்பப்பட்டார். சிடியில் 11 மில்லிமீட்டர். சுண்ணாம்பு இல்லை. புகைபிடித்தவர். ஊசி போட்டுத் திசு எடுக்க நாளும் குறித்தாயிற்று. “இதற்கு முன் எப்போதாவது நெஞ்சு எக்ஸ்-ரே எடுத்தீர்களா?” என்று கேட்டேன். விசாவுக்கான மெடிக்கலுக்கு எடுத்தது வீட்டில் எங்கோ கிடக்கும் என்றார் அவர் மனைவி. மறுநாள் மகன் பீரோவின் மேலிருந்து எடுத்துவந்த ஃபிலிம், ஓரம் மடங்கி, வெயிலில் ஒட்டிப்போயிருந்தது. ஒளிப்பலகையில் வைத்தோம். ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் படத்தில், அதே விலா இடுக்கில், அதே அளவில் அந்தப் புள்ளி இருந்தது. ஊசியை ரத்து செய்தோம். “அப்படியென்றால் அப்போதே ஏன் யாரும் சொல்லவில்லை சார்?” என்று மட்டும் மகன் கேட்டார். நியாயமான கேள்வி. சொல்லும் அளவுக்கு அன்றைக்கு அது யார் கண்ணிலும் படவில்லை. இருக்கிறது என்று தெரிந்த பிறகு தேடுவது எளிது.

4. காசநோய் மண்ணில்

இதுவரை சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளில் நடந்தவை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்த ஒரு செய்தி எங்கள் கணக்குகளையெல்லாம் மாற்றிவிடுகிறது.

புள்ளி புற்றாக இருக்கும் வாய்ப்பை மதிப்பிடக் கனடாவில் உருவாக்கிய ஒரு கணிப்பு முறை உலகெங்கும் பயன்படுகிறது. வயது, பாலினம், குடும்பத்தில் புற்று, அளவு, விளிம்பு ஆகியவற்றோடு, புள்ளி மேல் மடலில் இருந்தால் கூடுதல் மதிப்பெண் அதில் உண்டு. புற்று அங்கே அதிகம் வரும் என்பது காரணம். காசநோய்க்கும் விருப்பமான இடம் அதே மேல் மடல்தான். கனடாவில் துப்பாக இருந்த ஒன்று, இங்கே இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

பெட் சிடியும் அப்படித்தான். கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அது எங்கே அதிகம் சேர்கிறது என்று பார்க்கும் சோதனை அது. புற்றுச்செல் சர்க்கரையை அதிகம் விழுங்கும் என்று 1920களில் ஆட்டோ வார்பர்க் கண்டதுதான் அதன் அடிப்படை. கிருமியோடு போராடும் நம் உடலின் அழற்சி செல்களும் அதே சர்க்கரையை விழுங்குகின்றன. உயிர்ப்போடு இருக்கும் காசநோய் முடிச்சு, பெட் படத்தில் புற்றைப் போலவே ஒளிரும். மறுபுறம், மெதுவாக வளரும் சில புற்றுகள் ஒளிர்வதே இல்லை. 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தவற்றில் பெட் முடிவை நம்பவே முடியாது. பல ஆயிரம் செலவழித்து எடுத்த படமாயிற்றே என்பதற்காக அதற்குக் கூடுதல் மரியாதை தர வேண்டியதில்லை.

இந்தக் குழப்பத்தால் இரண்டு விதமான தீங்கு நேர்கிறது. ஆறிய வடுவைப் புற்று என்று நினைத்து நெஞ்சைத் திறப்பது ஒன்று. புற்றைக் காசநோய் என்று நினைத்து, சளியில் கிருமி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கொடியது. புகையே பிடிக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்று வருகிறது. அவர்களிடம் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் மாதங்கள் கைநழுவுகின்றன. மாத்திரை தொடங்கும் முன் சளியைக் கிருமிச் சோதனைக்கும் மரபணுச் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். சளி வராவிட்டால் மூச்சுக்குழாய் உள்நோக்கியின் வழியே கழுவி எடுக்கலாம். எதுவும் பிடிபடாமல் மாத்திரை தொடங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு மாதத்தில் படத்தை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். அதற்குள் புள்ளி பெருத்திருந்தால், காசநோய் என்ற எண்ணத்தைக் கைவிட்டுத் திசுவுக்குப் போங்கள்.

வடுக்கள் நிறைந்த நம் நுரையீரல்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காசநோய்க்குச் சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து உண்டு குணமாகலாம் என்று உலகுக்கு நிறுவிக்காட்டியது சென்னையில் நடந்த, 1959இல் வெளியான ஆய்வு. அதைச் செய்த சேத்துப்பட்டு மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இன்று நாங்கள் படத்தில் பார்க்கும் எத்தனையோ வடுக்கள், அந்த மருந்தால் பிழைத்து முதுமை கண்டவர்களுடையவை.

5. ஊசியும் கணினியும்

சந்தேகம் தீராவிட்டால் திசுவைத்தான் கேட்க வேண்டும். சிடியின் துணையோடு ஊசி செலுத்தித் திசு எடுப்பது இன்று பரவலான முறை. அதற்கும் விலை உண்டு. அமெரிக்காவில் சுமார் 16,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், 15 சதவீதம் பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்தது. 6.6 சதவீதம் பேருக்கு நெஞ்சில் குழாய் வைக்க வேண்டியிருந்தது. புற்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைந்தவரிடம் இந்த ஆபத்தை ஏற்றக் கூடாது. வாய்ப்பு அதிகம் உள்ளவரிடம் இதைக் காட்டி அஞ்சி நிற்கவும் கூடாது. இன்னொன்று, ஊசியில் ‘புற்று இல்லை’ என்று வந்தால் அதோடு முடிந்துவிடவில்லை. ஊசி பக்கத்தில் குத்தியிருக்கலாம். என்ன இல்லை என்பதோடு, என்ன இருக்கிறது என்றும் நோயியல் அறிக்கை சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி மருத்துவர் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இயந்திரத்துக்குப் பாடம் கற்பிக்க நாம் கொடுக்கும் விடைத்தாள் எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் 1,018 சிடி ஸ்கேன்களில் ஒவ்வொன்றையும் நான்கு கதிரியல் மருத்துவர்களிடம் கொடுத்துக் குறிக்கச் சொன்னார்கள். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள நாட்யூல் என்று ஒருவராவது குறித்தவை 2,669. நால்வருமே அப்படிக் குறித்தவை 928 மட்டும். புற்றா இல்லையா என்பது இருக்கட்டும், புள்ளி இருக்கிறதா என்பதிலேயே நால்வருக்கும் ஒத்த கருத்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்.

கூகுள் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. பழைய ஸ்கேன் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு ஸ்கேனைக் காட்டியபோது, இயந்திரம் ஆறு கதிரியல் மருத்துவர்களையும் முந்தியது. பழைய ஸ்கேனையும் சேர்த்துக் காட்டியபோது மருத்துவர்களும் இயந்திரமும் சமமாக நின்றார்கள். மாணவர்களே, இதை மறக்காதீர்கள். மிகச் சிறந்த இயந்திரத்துக்கு நிகராக மருத்துவரை உயர்த்திவிட ஒரு பழைய படத்தால் முடிகிறது.

6. கேட்டுக்கொள்வது

பொதுமக்களிடம் முதலில். எக்ஸ்-ரே, சிடி படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அறிக்கைத் தாளை மட்டும் பத்திரப்படுத்திவிட்டுப் படத்தை விட்டுவிடுவது நம் வழக்கம். எங்களுக்கு வேண்டியது படம். சிடி எடுத்தால் ஃபிலிமோடு நின்றுவிடாமல், முழுப் பதிவையும் குறுவட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். எடுத்த பல நூறு படங்களில் ஃபிலிமில் ஏறுவது கொஞ்சம்தான். மறு ஸ்கேனுக்கு நாள் சொன்னால் அந்த நாளில் போங்கள், முடிந்தவரை அதே இடத்துக்கே போங்கள். புகைப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். புள்ளி எதுவானாலும் அதனால் நன்மையே.

இளம் மருத்துவர்களுக்கு. அறிக்கையில் ‘நாட்யூல்’ என்று எழுதிவிட்டு விலகாதீர்கள். எத்தனை மில்லிமீட்டர், திடமா மங்கலா, எந்த மடல், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதை எழுதுங்கள். “பழைய படம் இருக்கிறதா?” என்ற கேள்வியைக் கேட்காமல் யாரையும் ஊசிக்கு அனுப்பாதீர்கள்.

அரசுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும். புகைப்பவர்கள் அனைவருக்கும் சிடி எடுக்கும் திட்டத்தை மேலை நாட்டிலிருந்து அப்படியே பெயர்த்துக் கொண்டுவர வேண்டாம். காசநோய் வடுக்கள் நிறைந்த நம் மக்களிடையே எத்தனை வீண் சந்தேகங்கள் கிளம்பும் என்று முதலில் இங்கேயே ஆராய்ந்து பாருங்கள். அதைவிட மலிவான ஒரு பணி காத்திருக்கிறது. ஒரு மருத்துவமனையில் எடுத்த படத்தை, ஐந்தாண்டு கழித்து இன்னொரு மருத்துவமனையில் திறந்து பார்க்கும் வசதியைச் செய்துகொடுங்கள். அதைச் செய்தாலே எத்தனையோ ஊசிகள் தவிர்க்கப்படும், எத்தனையோ புற்றுகள் உரிய காலத்தில் பிடிபடும்.

இன்று வீட்டுக்குப் போனதும், பெற்றோரின் பழைய எக்ஸ்-ரே படங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடி, தேதியை எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள்.